ஒரு மில்லிமீட்டர் பட்டை: பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு

ஜார்ஜ்டவுனில் படகு ஏறி, அக்கரையில் இறங்கி, பட்டர்வொர்த் நிலையத்தில் மின்சார ரயிலைப் பிடித்தபோது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் ஆறு நாளைக்கான துணிமணி. மற்றொன்றில் மடிக்கணினி, கணினி விளையாட்டு ஆடும் கன்ட்ரோலர்கள் இரண்டு, பழைய துண்டில் சுற்றிய ஒரு பீங்கான் மங்கு. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம் அது. அப்பா தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் பல வருடம் அது சில்லறைக் காசு போட்டு வைக்கும் பாத்திரமாக இருந்தது. நாளை மறுநாள் அது ஒரு வெளியீட்டாளரின் மேசைமேல் உட்காரப் போகிறது.

நானும் மூன்று நண்பர்களும் இரண்டு வருடங்களாக ஒரு கணினி விளையாட்டைச் செய்து வருகிறோம். அதன் பெயர் ‘பெரட்டு’. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விடிவதற்கு முன் தொழிலாளர்கள் களத்தில் வரிசையாக நின்று, பெயர் கொடுத்து, அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு கலையும் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். ‘பரேடு’ என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத்து நாவில் புரண்டு இப்படி ஆனது என்பது அப்பாவின் கட்சி. எங்கள் விளையாட்டில், ஆடுபவர் பால்மரம் வெட்டும், அதாவது பால் வடிய ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவும், பதினாறு வயதுப் பெண்ணாக ஒரு வருடம் வாழ்கிறார். இந்த வாரம் கோலாலம்பூரில் மூன்று வெளியீட்டாளர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பணம் போட முன்வந்தால் பதினெட்டு மாதத்தில் வேலையை முடித்துவிடலாம். இல்லாவிட்டால் இப்போது போலவே நால்வரும் பகல் வேலை முடிந்து, இரவு பத்து மணிக்குமேல் கொட்டாவி விட்டுக்கொண்டே இன்னும் எத்தனை வருடம் இழுப்போம் என்று சொல்ல முடியாது.

தைப்பிங் தாண்டி ரயில் கோலகங்சாரில் நின்றபோது எழுந்து கதவருகே போய் எட்டிப் பார்த்தேன். அந்த மரம் நிலையத்திலிருந்து தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் பார்த்தேன். 1877ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன, அந்த ஒன்பதில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கிறது. இதுதான் என் முதல் ஸ்லைடு. மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி வகுத்தது இரண்டாவது ஸ்லைடு. எண்ணிப் பார்த்தால், வந்த நாற்றுகளும் இருபத்திரண்டு, என்னிடமிருந்த ஸ்லைடுகளும் இருபத்திரண்டு. இதை நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கிக் கொம்யூட்டர் ரயில் பிடித்துச் செந்தூல் வந்து சேர்ந்தேன். அத்தையின் அடுக்குமாடி வீடு ஆறாவது மாடியில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, “இன்னும் அந்த வெளையாட்டு வேலதானா?” என்பது. ஆமாம் என்றேன். நெத்திலி சம்பலோடு சோறு போட்டார்.

இரண்டாம் நாள், திங்கள்

செந்தூல் பாராட்டில் எம்.ஆர்.டி. ஏறினால் மாறாமல் சைபர்ஜெயா வரை போய்விடலாம். அங்கே ஒரு ஸ்டூடியோவில் முப்பரிமாண ஓவியராக இருக்கும் பள்ளித் தோழனைப் பார்க்கப் போனேன். 1990களில் மல்ட்டிமீடியா பெருவழித் திட்டத்துக்காகத் தோட்டங்களுக்கு நடுவே எழுப்பப்பட்ட நகரம் அது. பக்கத்தில் இருக்கும் புத்ராஜெயா, முன்பு பிராங் பெசார் என்ற தோட்டமாக இருந்த நிலம். ரயிலின் கண்ணாடிக்கு வெளியே அந்தத் தோட்டத்தின் எந்தத் தடயமும் எனக்குத் தெரியவில்லை.

மலேசியாவில் இந்தத் தொழில் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. உலகமெங்கும் ஆடப்படும் பெரிய விளையாட்டுகளின் மரமும் சுவரும் கவசமும் அரக்கனும் இங்கேதான் வடிக்கப்படுகின்றன. 2017இல் புதுப்பித்து வந்த ஸ்டார்கிராப்ட், 2021இல் வந்த டயாப்ளோ 2 மறுபதிப்பு ஆகியவற்றின் ஓவிய வேலையில் லெமன் ஸ்கை ஸ்டூடியோவின் கை இருக்கிறது. 2023இல் உலகையே புரட்டிப் போட்ட பால்டர்ஸ் கேட் 3-ஐச் செய்த லாரியனுக்கு இங்கே ஒரு கிளை உண்டு. சோனியும் 2020இல் இங்கே ஸ்டூடியோ திறந்தது. சொந்தமாகக் கதை சொல்பவர்களும் இருக்கிறார்கள். மெட்ரோனோமிக் 2020இல் வெளியிட்ட நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ், பேஷன் ரிபப்ளிக் 2022இல் வெளியிட்ட கிகாபாஷ் இரண்டும் இந்த ஊர்ச் சரக்குதான். ஆனால் மாதச் சம்பளம் பெரும்பாலும் அடுத்தவர் விளையாட்டுக்கு உழைப்பதிலிருந்துதான் வருகிறது என்று தோழன் சொன்னான். அவன் இந்த மாதம் முழுவதும் ஒரே கோட்டைவாசலுக்கு மூன்று விதமான பாசி பூசிக்கொண்டிருக்கிறான். அது எந்த விளையாட்டு என்று சொல்லக்கூட அவனுக்கு ஒப்பந்தத்தில் அனுமதி இல்லை.

அவன் முன்னால் ஒத்திகை பார்த்தேன். ஏழாவது ஸ்லைடிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டான். “டேய், நீ வரலாற்று வாத்தியாரா? மொதல்ல கன்ட்ரோலரைக் கையில குடு” என்றான். அவன் ஓவியன், கதையின் அருமை அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். (இதை எழுதுவது செவ்வாய் இரவு. நேற்று இந்த வரியை எழுதியிருந்தால் வேறு தொனியில் எழுதியிருப்பேன்.)

மூன்றாம் நாள், செவ்வாய்

முதல் சந்திப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்ணியமான மனிதர், கைப்பேசி விளையாட்டுகளைத்தான் வெளியிடுகிறார்கள், எங்களுடையது அவர்கள் பட்டியலில் பொருந்தாது என்று பத்தாவது நிமிடத்திலேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது. மீதி இருபது நிமிடம் காபி குடித்தோம்.

இரண்டாவது சந்திப்பு பங்சார் சவுத்தில். கெரிஞ்சி நிலையத்தில் இறங்கி நடந்து போனேன். பங்சார் என்ற பெயரே புங்கே-கிரிசார் என்ற ரப்பர்த் தோட்டக் கம்பெனியின் பெயர் சுருங்கி வந்தது என்பார்கள். அதையும் ஒரு ஸ்லைடாக வைத்திருந்தேன். இருபதாவது மாடி, கண்ணாடிச் சுவர், மூன்று பேர். மங்கைத் துண்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். மடிக்கணினியை அவர்களுடைய பெரிய திரையில் இணைத்தேன். விளையாட்டின் முகப்பு வந்தது. பனிமூட்டம், மரங்கள், நடுவில் பெரிய எழுத்தில் ‘பரெட்டு’.

எனக்கு வியர்த்துவிட்டது. என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் தமிழில் மென்பொருள் செய்யும் எல்லாருக்கும் ஒருநாள் இது நடக்கும். ‘பெ’ என்ற எழுத்தைக் கணினி சேமிக்கும்போது முதலில் ‘ப’, அதன் பின்னால் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைக்கும் வேலையை எழுத்துக்கோப்பு இயந்திரம் என்ற தனி நிரல் பார்த்துக்கொள்கிறது. நாம் உலாவியிலும் கைப்பேசியிலும் தமிழ் படிக்கும்போதெல்லாம் இது ஓசைப்படாமல் நடந்துகொண்டே இருக்கிறது. ஹார்ப்பஸ் என்பது அப்படிப்பட்ட ஒரு நிரல். நாங்கள் பயன்படுத்தும் விளையாட்டு எஞ்சினில், அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை மென்பொருளில், எங்கள் எழுத்துகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கொம்பையும் காலையும் முன்கூட்டியே இடம் மாற்றித் தரும் ஒரு சிறு நிரலை நாங்களே எழுதியிருந்தோம். ஞாயிறு காலையில் அவசரமாகப் பில்டு எடுத்தபோது, அதாவது விளையாட்டை ஆடக்கூடிய வடிவில் தொகுத்தபோது, அந்த ஒரு படியை விட்டுவிட்டோம். எனவே ‘ப’வின் கொம்பு அடுத்திருந்த ‘ர’வுக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே ‘தோட்டம்’ என்று இருந்த இடத்தில் இரட்டைக்கொம்பும் காலும் ‘த’வைக் கைவிட்டுவிட்டுத் தனியே நின்றன. ‘டு’ உடைந்து ‘ட’வும் உகரக் குறியும் தனித்தனியாகக் கிடந்தன.

அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூவரில் ஒருவர் திரையைப் பார்த்து, எழுத்து மிக அழகாக இருக்கிறது என்று மனமாரப் பாராட்டினார். நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல? அப்பாவின் கட்சிப்படி பார்த்தால் சொல் தன் ஆங்கில மூதாதையை நோக்கி அரைவழி திரும்பிப் போயிருந்தது என்ற எண்ணம் அந்த நேரத்திலும் எனக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் பேச்சு என் பிடியில் இல்லை. ஒவ்வொரு ஸ்லைடிலும் கொம்பு எங்கே இருக்கிறது என்றே என் கண் தேடிக்கொண்டிருந்தது.

1877, ரிட்லி, கப்பலேறி வந்த குடும்பங்கள், துண்டாடப்பட்ட தோட்டங்கள், வீடமைப்புத் திட்டங்கள் என்று பதினைந்து நிமிடம் ஓடியிருக்கும். மூவரில் மூத்தவர், அதுவரை பேசாதவர், முன்னால் சாய்ந்து கேட்டார்: “இதெல்லாம் சரி. நான் ஆடும்போது என் கட்டைவிரல் என்ன செய்யும்?”

வெட்டும் காட்சியைக் காட்டினேன். திரையில் ஒரு பட்டை, அதில் இடம் வலமாக ஓடும் ஒரு முள், முள் பச்சைப் பகுதிக்குள் வரும்போது பொத்தானை அழுத்தினால் நல்ல வெட்டு. அவர் மூன்று முறை அழுத்தினார், மூன்றும் நல்ல வெட்டு. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, மீன் பிடிக்கும் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இதுதானே இருக்கிறது என்றார்.

நான் ‘வெண்பா’வை எடுத்து வீசினேன். டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட விளையாட்டு அது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி சுடுவதில் தொடங்குகிறது. 2024இல் சுதந்திர விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எப். விழாவின் பெரும்பரிசையும், அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாப்டா விருதையும் வாங்கியது. தமிழ்க் கதையை உலகம் வாங்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டேன். அவர் அதை ஆடியிருந்தார். “மாவை ஊற்றி மூடி போட்டால் என்ன ஆகும் என்று எல்லார் கைக்கும் தெரியும். மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்று என் கைக்குத் தெரியாது, உங்கள் விளையாட்டும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை” என்றார்.

மங்கை எடுத்துப் பார்த்து, கனமாக இருக்கிறதே என்று வியந்து, பத்திரமாக என் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

நான்காம் நாள், புதன்

இன்று சந்திப்பு எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் முகப்பின் கொம்பைச் சரி செய்தேன். அது இருபது நிமிட வேலை. பிறகு கூடத்தில் உட்கார்ந்து வெட்டும் காட்சியையே ஓடவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைப்பக்கம் வந்தவர், ஒரு நொடி பார்த்திருப்பார்.

“என்னப்பா இது, மரத்த கண்ணாடியில பாத்து வரைஞ்சீங்களா?”

புரியவில்லை என்றேன். விரலைத் திரையில் வைத்து வெட்டுக்கோட்டின்மேல் இழுத்தார். “எந்தத் தோட்டத்துல இப்படி வெட்டுனாங்க? எடது பக்கம் ஒசரம், வலது பக்கம் எறக்கம். இது தலகீழா இருக்கு.” எங்கள் மரத்தில் வெட்டு வலது மேலிருந்து இடது கீழாக இறங்கியது. இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் ஓவியர், ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழவேண்டும் என்ற காரணத்துக்காகப் படத்தை இடவலமாகப் புரட்டியிருக்கிறார். நாங்கள் நால்வரும், டெமோவை ஆடிப்பார்த்த அத்தனை பேரும், இதைக் கவனிக்கவில்லை. பால் குழாய்கள் பட்டைக்குள் நேர் செங்குத்தாக நிற்காமல், கீழிருந்து மேலே போகப் போக வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே இடது மேலிருந்து வலது கீழே இறங்கும் வெட்டுத்தான் அதிகக் குழாய்களை அறுக்கும். இந்தக் காரணத்தை நான் படித்து வைத்திருந்தேன், ஒன்பதாவது ஸ்லைடில் எழுதியும் வைத்திருந்தேன். அத்தைக்குக் காரணம் தெரியாது, திசை தெரியும்.

இங்கே என் மடத்தனத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த விளையாட்டுக்காகப் பழைய புகைப்படங்களைத் தேடினேன், ஆவணங்களைப் படித்தேன், அருங்காட்சியகத்தில் போய் நின்றேன். பதினான்கு வயதில் கத்தி பிடித்து, தோட்டத்தை மூடும் வரை சிலாங்கூரில் பால் வெட்டிய என் சொந்த அத்தையிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கூடத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றிருக்கிறேன்.

கன்ட்ரோலரை அத்தையிடம் கொடுத்தேன். பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, “இது வெட்டா? இது மணி அடிக்கிற மாதிரி இருக்கு” என்று சொல்லிக் கீழே வைத்தார். பிறகு சமையலறையிலிருந்து ஒரு தேக்கரண்டியை எடுத்து வந்தார். என் முன்னங்கையைப் பிடித்து நிமிர்த்தி, அதையே மரமாக்கினார். நெற்றியில் விளக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

முதலில் இரண்டு விரலால் என் கையின் தோலைக் கிள்ளி நீளவாக்கில் உரித்தார், உரிப்பது போல் செய்தார். முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து எடுக்கவேண்டும். நல்ல ஒட்டுப்பால் அறுபடாமல் ஒரே இழுப்பில் நாடா போல வரும், வரும்போது ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். அதைக் கூடையில் போட்டுவிட்டு, மங்கைத் துடைத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கத்தி. கரண்டிக் காம்பை என் மணிக்கட்டுக்கு மேலே இடப்பக்கம் பதித்துத் தன்னை நோக்கி இழுத்தார். ஒரே இழுப்பாக இழுக்கவில்லை. சிறு சிறு இழுப்புகளாக, ஒவ்வொன்றுக்கும் அரை அடி நகர்ந்து, தாளம் போல இழுத்தார். கை மட்டும் போகவில்லை, முழு உடம்பும் மரத்தைச் சுற்றி நகர்ந்தது. அறுபத்தெட்டு வயது அத்தை கூடத்தில் என்னைச் சுற்றி அரைவட்டம் நடந்தார்.

“எவ்ளோ ஆழம்னு எப்படித் தெரியும், அத்தே? இருட்டா இருக்குமே.”

“சத்தம் மாறும். பட்டைல போறப்ப மெதுவா இருக்கும். கட்டைகிட்ட போனா கத்தி கீச்சுனு சொல்லும். சொல்றதுக்கு முன்னாடியே கை நிறுத்திரும்.” ஒரு தடவைக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். உள்ளே வளர்திசுவைத் தொடாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைக்கவேண்டும். தொட்டுவிட்டால் அந்த இடம் காயமாகி முண்டு முண்டாக வளரும், பட்டை புதுப்பித்து வரும்போது அங்கே கத்தி வைக்க முடியாது. அத்தையின் வார்த்தையில், “இன்னைக்கு நீ பண்ண தப்ப ஏழெட்டு வருசம் கழிச்சு வேற ஒருத்தி வந்து திட்டுவா.”

இதை ஒரு விளையாட்டு வடிவமைப்பாளன் கேட்டால் என்ன ஆவான் என்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கையில் உடனே உணரக்கூடிய ஒரு விசை, காதில் கேட்கும் எச்சரிக்கை, பல வருடம் கழித்து வந்து சேரும் விளைவு. இருபத்திரண்டு ஸ்லைடுகளில் நான் தேடிக்கொண்டிருந்தது என் முன்னங்கைமேல் நடந்து முடிந்திருந்தது.

இரவு பத்து மணிக்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாலை வேலை முடித்து வந்த எங்கள் நிரலரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஓடும் முள்ளைத் தூக்கிப் போட்டோம். கன்ட்ரோலரின் பின்பக்க விசையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாக நிரலுக்கு வந்து சேர்கிறது. அதையே ஆழமாக்கினோம். 150 முதல் 190 வரை நல்ல வெட்டு, அதற்குக் கீழே பால் சொட்டாது, 200ஐத் தாண்டினால் காயம். வலது குச்சியைத் தன்னை நோக்கி இழுத்தால் கத்தி நகரும், ஒவ்வோர் இழுப்புக்கும் ஆள் ஓர் அடி சுற்றி நடப்பாள். கன்ட்ரோலருக்குள் அதிர்வு தரும் மோட்டார் இரண்டு உண்டு, ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. பட்டையில் கத்தி போகும்போது மெல்லியது மட்டும் ஓடும். கட்டையை நெருங்க நெருங்கத் தடித்தது எழும். சத்தத்துக்கு அத்தை கரண்டியால் பழைய நாற்காலிக் காலைச் சுரண்டிக் கொடுத்தார், கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். ஒட்டுப்பால் உரியும் சத்தத்துக்கு ஒட்டுநாடாச் சுருள் போதுமாக இருந்தது. மரத்தையும் சரியான பக்கம் புரட்டினோம். நான்கு மணிக்கு மூன்று மரங்கள் மட்டுமே கொண்ட ஒரு பில்டு கிடைத்தது. அத்தை அப்போது எழுந்துவிட்டிருந்தார். தோட்டம் போய் எத்தனை வருடமானாலும் அந்த நேரத்துக்கு மேல் அவருக்குத் தூக்கம் வராது.

அவர் மூன்று மரமும் வெட்டினார். மூன்றாவதில் காயம் பட்டது. “சனியன்” என்று கன்ட்ரோலரைத் திட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள், வியாழன்

மூன்றாவது வெளியீட்டாளரின் ஆள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையிலேயே பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். மாலை ரயிலைப் பிடிக்கக் கே.எல். சென்ட்ரல் வருகிறவர், ஆகவே அவருக்கு அதுதான் வசதி. முப்பது வயதுக்குள் இருக்கும் சீனப் பெண். நான் ஸ்லைடு எதையும் திறக்கவில்லை. காதில் ஹெட்போன், கையில் கன்ட்ரோலர். “இருட்டு. மரம். வெட்டுங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

முதல் மரத்தில் ஆழமாகப் போய்விட்டார். இரண்டாவதில் பயந்து பயந்து அழுத்தியதால் பால் வரவில்லை. மூன்றாவதையும் காயப்படுத்தினார். அவருடைய தே தாரிக் தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. மறுபடி தொடங்கினார். எத்தனாவது முறை என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே வெட்டினார், அந்த வெட்டுத்தான் சுத்தமாக விழுந்தது. ஹெட்போனைக் கழற்றும்போது பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

“முதல் மரத்துக் காயம் பிறகு என்ன ஆகும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் கேட்க வைக்கவில்லை, அவராகவே கேட்டார். அதற்குப் பதிலாக மூன்று ஸ்லைடுகளை மட்டும் காட்டினேன்.

மீதி நேரம் காசைப் பற்றியது. கதை எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் எங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். எங்கள் கணக்கு எளிமையானது: நான்கு பேர், பதினெட்டு மாதம், ஆளுக்கு மாதம் 5,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ஆக 360,000 வெள்ளி. இசைக்கும் சோதனைக்கும் மொழிபெயர்ப்புக்கும் அதில் இடமே இல்லையே என்று உடனே சுட்டிக்காட்டினார். பிறகு தாள் கைக்குட்டை ஒன்றை விரித்து எழுதிக் காட்டினார். விலை 15 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை 30 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 10.50. வெளியீட்டாளர் 100,000 டாலர் முன்பணம் கொடுத்திருந்தால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அவர் அதைத் திரும்ப எடுத்த பிறகுதான் எங்களுக்குப் பங்கு வரும். ஏறக்குறைய 9,500 பிரதிகள் முழு விலைக்கு விற்கும் வரை எங்கள் கைக்கு ஒரு காசும் வராது. தள்ளுபடி, வரி எல்லாம் சேர்ந்தால் அந்த எண் இன்னும் மேலே போகும். அதுபோக, வாங்கி இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். “உங்கள் விளையாட்டில் முதல் காயத்தின் விளைவு ஆடத் தொடங்கி எத்தனையாவது மணியில் தெரியவருகிறது?” என்று கேட்டார். மூன்றாவது மணியில். “அப்படியானால் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே போய்விடுவார்கள்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்றேன். அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் எதுவும் பேசவில்லை. மூன்று மாதத்தில் இருபது நிமிடம் ஓடும் ஒரு பில்டு அனுப்பவேண்டும், அந்த இருபது நிமிடத்துக்குள் ஒரு காயத்தின் விளைவு வந்து சேரவேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார். கைக்குட்டையை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு ரயிலுக்கு நடந்தார்.

மங்கைப் பையிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டேன்.

ஆறாம் நாள், வெள்ளி

திரும்பும் ரயில். அத்தை எலுமிச்சைச் சாதமும் ஒட்டுநாடாச் சுருளும் கட்டிக் கொடுத்தார். சுருள் எதற்கு என்று கேட்டதற்கு, சத்தம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கவேண்டும், வீட்டுக்குப் போய் மறுபடி பதிவு செய் என்றார். மங்கை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன், அவர் அதில் உடனே ஊறுகாய் போட்டார்.

தஞ்சோங் மாலிம் தாண்டும்போது அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் பிரஷர் குக்கர் விசில். “தம்பி, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். வெட்டி முடிச்சு மங்குல பால் விழுந்துக்கிட்டு இருக்கறப்ப மழ வந்தா என்ன பண்ணுவே? பால்ல தண்ணி கலந்து அன்னிக்கி வேலயே போச்சே. அத வச்சிருக்கியா இல்லியா?”

எங்கள் விளையாட்டில் மழை உண்டு. மிக அழகான மழை. ஓவியர் அதற்கு மட்டும் ஆறு வாரம் செலவழித்தார், இலையில் விழும் துளிக்கும் தகரக் கூரையில் விழும் துளிக்கும் தனித்தனிச் சத்தம் வைத்திருக்கிறோம். இரண்டு வருடமாக அது மங்குகளின்மேல் பெய்துகொண்டிருக்கிறது, ஒரு மங்கில்கூடப் பால் கெடவில்லை.

இருபது நிமிடத்துக்குள் வந்து சேரக்கூடிய விளைவு ஒன்று வேண்டும் என்று நேற்று கேட்டிருந்தார்கள். தாப்பா ரோடு நிலையத்தில் ரயில் நின்றபோது மடிக்கணினியைத் திறந்தேன்.